ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

ரிசல்ட் வந்த வாரம் ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்று சொல்லி நம் ஊர்ப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வந்த மோசடிப் போன்களைப் பற்றி மறுபடி சொல்லத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் பேசியாகிவிட்டது. பெரும்பாலான பிள்ளைகள் காசு இழக்காமல் தப்பினார்கள். தப்பவைத்த ஆட்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜிபே இல்லாத வீட்டுக்காரர்கள் அவரிடம் ரொக்கத்தைக் கொடுத்துப் பணம் அனுப்பச் சொல்வது வழக்கம். ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் அவருக்கு. அன்று ஒரு மாணவி அம்மாவோடு வந்து, ஸ்காலர்ஷிப்புக்குப் பிராசஸிங் கட்டணம் என்று 2,500 ரூபாயையும் வாட்ஸ்ஆப்பில் வந்த கியூஆர் கோடையும் நீட்டியிருக்கிறார். அக்கா ஸ்கேன் செய்தார். கல்வித்துறை என்று வர வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதோடு நிறுத்திக்கொண்டார்.

போன் லைனில் இருந்த மோசடிக்காரன் விடவில்லை. பிள்ளையின் பெயர், பள்ளி, மொத்த மார்க் எல்லாவற்றையும் சரியாக ஒப்பித்தான். கட்டணமே வேண்டாம், பிள்ளையின் அம்மா போனில் ஸ்கேன் செய்து பின் நம்பரை மட்டும் போடுங்கள், ஸ்காலர்ஷிப் கணக்கில் ஏறிவிடும் என்று பேச்சை மாற்றினான். "வர்ற காசுக்கு எதுக்குப்பா பின் நம்பர்?" என்று கேட்டுவிட்டு அக்கா போனைத் துண்டித்தார். 25 ரூபாய் கமிஷன் போனதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதைச் சொன்னவர் அந்த அம்மாதான்.

அக்கா கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும் மட்டுமே. பணம் வாங்க அது தேவையே இல்லை. மார்க்கும் பள்ளிப் பெயரும் தெரிந்தவன் அரசாங்க ஆள் என்று நம்புவதும் வேண்டாம். அந்தப் பட்டியல்கள் எங்கெங்கோ கைமாறுகின்றன. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் கல்லூரி வழியாகத்தான் பதிவு. போனில் யாரும் பதிந்து தர முடியாது.

அன்று மாலையே அக்கா ஏ4 பேப்பர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார்: "ஸ்காலர்ஷிப்புக்குப் பணம் கட்ட இங்கே வர வேண்டாம். டீச்சரைக் கேட்டுவிட்டு வரவும்." நாங்கள் அடித்து ஒட்டிய நோட்டீஸைவிட அந்த அட்டையைப் படித்தவர்கள்தான் அதிகம்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. விண்ணப்பம் போடும்போது பல கடைகளில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரரின் மொபைல் நம்பரையே கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனால் ஓடிபி அந்த நம்பருக்குப் போகும். கடைக்காரர் சிம் மாற்றியிருந்தால் பிள்ளை அலைய வேண்டியதுதான். அக்கா பிள்ளையின் வீட்டு நம்பர் இல்லாமல் தொடங்கவே மாட்டார். தேசிய போர்ட்டலில் பதிந்ததும் வரும் 14 இலக்க ஓடிஆர் எண்ணை (ஒருமுறைப் பதிவு எண்)ப் பிள்ளையின் கையாலேயே ஆதார் நகலின் பின்பக்கம் எழுதவைக்கிறார்.

வங்கியில் ஆதார் சீடிங்குக்கென்று (உதவித்தொகை வந்து விழ ஆதாரை ஒரு வங்கிக் கணக்கோடு இணைப்பது) மதியத்தில் தனியாக உட்கார்ந்த கிளார்க் அண்ணனுக்கும் நன்றி. அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே பதிந்துவைக்கிறோம். அரசு உதவித்தொகை பெரும்பாலும் நாம் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு சீடிங் ஆகியிருக்கிறதோ அங்கேதான் விழும். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது வேறு, சீடிங் வேறு. மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வங்கியின் பெயரும் ஆக்டிவா இல்லையா என்பதும் தெரியும். இல்லையென்றால் வங்கியில் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். சின்ன வயதில் தொடங்கி, போட்டு எடுக்காமல் கிடக்கும் கணக்கென்றால் முதலில் அதை உயிர்ப்பிக்க வேண்டும். பணம் வராமல் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். போனில் கணக்கு எண் கேட்பவனால் இதைச் சரிசெய்ய முடியாது.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை (பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்) பலர் 80 மார்க் சமாச்சாரம் என்று நினைத்து விட்டுவிட, அது நூற்றில் 80 அல்ல, 80 பர்சன்டைல், அதாவது அந்தப் பிரிவில் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வருவது என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்ன கணக்கு டீச்சர். வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் தேங்காமல் பார்த்துக்கொண்ட விஏஓ. பணம் போன வீட்டுக்காரர்களை உட்காரவைத்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே பேசவைத்து, யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்த காவலர்கள். லேபைத் திறந்துவைத்த தலைமையாசிரியர். டீ கொடுத்துக் காசு வாங்காத கடை. எல்லோருக்கும் நன்றி. அந்த 1930 அழைப்பு சீக்கிரம் போனதால்தான் ஒரு பகுதிப் பணமாவது அடுத்த கணக்குக்கு மாறாமல் முடங்கி நிற்கிறது. தாமதித்தவர்களுடையது நிற்கவில்லை. அதில் எங்களுக்கு வருத்தம் இருக்கிறது.

இனி ரிசல்ட் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. அரையாண்டு லீவிலேயே பிளஸ் டூ பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சீடிங் பார்த்துவிடுவோம். ஆதாரிலும் மார்க்‌ஷீட்டிலும் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருந்தால் அப்போதே திருத்த அனுப்புவோம். விண்ணப்பித்த பிறகு கல்லூரியிலிருந்து 'டிஃபெக்டிவ்' (குறை இருக்கிறது) என்று திரும்பி வருகிறதா என்று கடைசித் தேதிவரை வாரம் ஒருமுறை பார்ப்பதும் எங்கள் வேலை.

அக்கா மட்டும் ஒன்று கேட்டிருக்கிறார். அட்டை மழையில் நனைந்துவிட்டதாம், லேமினேட் செய்த போர்டு ஒன்று வேண்டுமாம். வாசகம் அவருடையதேதான் இருக்கும். இந்த வாரத்துக்குள் மாட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உயர்கல்வி வழிகாட்டிக் குழு,
அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர்கள்