என் சம்பளம் என் பெயரில் இருக்கட்டும்

மத்திய நிதியமைச்சகத்துக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கும்,

வணக்கம். திருமங்கலத்தில் என் வீட்டுக்காரர் நடத்தும் ஹார்டுவேர் கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கொள்முதல் பில்லை டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றுவது, ஜிஎஸ்டிக்குக் கணக்கு எடுத்துக் கொடுப்பது, கடன் நோட்டைப் பார்த்து வசூலுக்குப் போன் போடுவது எல்லாம் நான்தான். படித்தது பி.ஏ. வரலாறு. கணக்கும் சரக்கும் கடையில் கற்றுக்கொண்டவை.

போன வாரம் பிளம்பர் தம்பி ஒருவர் உடைந்த குழாய்த் துண்டோடு வந்து, "அக்கா, இதுக்கு எது சேரும்?" என்றார். கையில் வாங்கியதுமே சுடுதண்ணீர் லைன் என்று தெரிந்தது. முக்கால் இன்ச் சிபிவிசி எல்போ எடுத்துக் கொடுத்தேன். பிவிசிக்குப் போடுகிற சொல்யூஷன் இதற்கு ஆகாது, தனி டப்பா வேண்டும் என்று சொல்லி அதையும் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அப்போது குடோனில் இருந்தார்.

இந்த வேலைக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று முடிவு செய்து, என் வங்கிக் கணக்கில் போட்டுவருகிறோம். இங்கே கணக்கு எழுத ஆள் வைத்தாலும் ஏறக்குறைய அதுதான் ஆகும். வருடக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் சொன்னார்: "அம்மா, செலவாக் காட்டலாம். ஆனா உங்க சம்பளத்தை சார் வருமானத்தோட சேர்த்துத்தான் வரி போடணும்."

1961 வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஒரு தொழிலின் லாபத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ ஒருவருக்குச் சேருமானால், அதே தொழிலில் அவருடைய கணவனோ மனைவியோ வாங்கும் சம்பளம், லாபம் சேரும் அந்த நபரின் வருமானமாகவே கணக்கில் வரும். விலக்கு ஒன்றுதான்: சம்பளம் வாங்குபவருக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலும் மட்டுமே வந்த வருமானமாக இருக்க வேண்டும். மருத்துவரின் மனைவியும் மருத்துவர் என்றால் சிக்கல் இல்லை. நான் எந்தச் சான்றிதழைக் காட்டுவது?

2025-26 கணக்கையே பாருங்கள். என் சம்பளம் போக கடை வருமானம் 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் என் வீட்டுக்காரருக்கு வரி இல்லை. என் 3 லட்சத்துக்கும் தனியாகப் பார்த்தால் வரி இல்லை. சேர்த்தால், சம்பளத்துக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக என்னுடைய 2,25,000 அவர் கணக்கில் ஏறி 13,25,000 ஆகிறது. செஸ்ஸோடு 81,900 ரூபாய் வரி. என் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல்.

இதே நாற்காலியில் என் நாத்தனார் உட்கார்ந்து இதே சம்பளம் வாங்கினால் அது அவருடைய வருமானம். படிப்பு முடித்த மகன் உட்கார்ந்தாலும் அப்படித்தான். மனைவி என்பதால் மட்டும் என் உழைப்பு வேறொருவர் பெயருக்குப் போகிறது. சட்டம் கணவன், மனைவி இருவருக்கும் பொது என்பது தெரியும். எங்கள் கடைத்தெருவில் கடை ஆண் பெயரில், கல்லாவில் பெண் என்பதுதான் வழக்கம்.

கடைப்பக்கமே வராத மனைவிக்குச் சம்பளம் எழுதி வரியைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்குத்தான் அதே 1961 சட்டத்தில் 40ஏ(2) பிரிவு இருக்கிறதே? உறவினருக்கு நியாயமான அளவுக்கு மேல் கொடுத்தால் அந்த அதிகப்படியைச் செலவாக ஏற்க அதிகாரி மறுக்கலாம். வேலையே செய்யாதவருக்குக் கொடுத்தது தொழிற்செலவே ஆகாது. பிறகு எதற்கு இன்னொரு தடை?

வரியைவிட எனக்கு வலித்தது வேறு. மகள் படிப்புக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். "உங்க ஐடிஆர் கொடுங்க" என்று வருமான வரி ரிட்டர்னைக் கேட்டார்கள். மாதாமாதம் சம்பளம் ஏறும் பாஸ்புக் இருக்கிறது, ஆனால் அந்தச் சம்பளம் என் வீட்டுக்காரர் ரிட்டர்னில் இருக்கிறது. கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டுத்தான் கடன் வந்தது.

வீட்டு வேலையால் மனைவியும் சொத்துச் சேர்ப்பில் பங்களித்திருக்கிறார் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 64ஆம் பிரிவில் வரும் தகுதிக்குப் பட்டமோ டிப்ளமோவோ கட்டாயமில்லை என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 1980களிலேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் ஆடிட்டர் "நோட்டீஸ் வந்தா யார் அலையறது?" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. 819 பிரிவுகளை 536 ஆகச் சுருக்கி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று கொண்டுவந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த விதி அப்படியே தொடர்கிறது.

அதனால் கேட்கிறேன். அடுத்த நிதி மசோதாவில் அந்தத் தகுதி நிபந்தனையை எடுத்துவிடுங்கள். வேலை உண்மையா, சம்பளம் ஊர் நிலவரத்துக்குப் பொருந்துகிறதா, வங்கி வழியாகக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்கட்டும்; சம்பளப் பதிவேடும் நான் எழுதிய கணக்கும் இருக்கின்றன. சட்டத் திருத்தத்துக்கு நாளாகும் என்றால், அனுபவத்தால் வந்த திறமையும் தகுதிதான் என்று வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். அதன் நகல் ஒன்று கிடைத்தால் ஆடிட்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஹார்டுவேர் கடைக் கணக்காளர்,
திருமங்கலம்