சிஆர்பி 4.6: மாப்ளைக்குப் பதில்

மாப்ளே,

ரிப்போர்ட் பார்த்தேன். அதற்கு முன்னால் ஊர்ச் செய்தி. கொழிஞ்சாம்பாறையில் வெயில் கொளுத்துகிறது, ஆழியாற்றுத் தண்ணீர் வந்தபாடில்லை. வழக்கம்போல நாங்கள் தமிழ்நாட்டைத் திட்டுகிறோம், நீ பொள்ளாச்சியில் உட்கார்ந்து கேரளாவைத் திட்டு. இளைய மகன் பாலக்காட்டில் காலேஜ் சேர்ந்துவிட்டான்.

சரி, "காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எனக்கு எதுக்குடா சிஆர்பி 4.6" என்று கேட்டிருக்கிறாய். சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு புரதம், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்போம். நான் லேப்காரன்தான், டாக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வியோடு வருகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த சமாசாரம் என்பதாலோ என்னவோ, சிஆர்பி என்றாலே கிருமிதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 10ஐத் தாண்டினால் அந்தச் சந்தேகம் நியாயம். ஆனால் உன்னைப் போல 3க்கு மேலே லேசாக ஏறி அங்கேயே நிற்பதற்குத் தொப்பையே போதும். கொழுப்பு செல்கள் அளவு மீறி உப்பும்போது மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே போய்க் குவிகின்றன, 2003இல்தான் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அங்கிருந்து டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள் எல்லாம் ரத்தத்தில் கலக்கின்றன, ஐஎல்-6 ஈரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஈரல் சிஆர்பியை உற்பத்தி செய்கிறது. வலி, காய்ச்சல் எதுவும் தெரியாமல் வருஷக்கணக்கில் ஓடுகிற அழற்சி இது.

உன் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்பதும் இதோடு சேர்ந்த கதைதான். பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப் அதிகம் இருப்பதை 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழு கண்டது. அதை முடக்கியபோது இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்தது. கொழுப்பு செல்கள் சுரக்கிற லெப்டின் என்ற ஹார்மோனின் சங்கதி இன்னும் விநோதம். 1994இல் ஃப்ரீட்மன் அதைக் கண்டுபிடித்தபோது, ஊசி போட்டால் உலகமே இளைத்துவிடும் என்று பேசினார்கள். பார்த்தால் குண்டானவர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே நிறையச் சுரக்கிறது, "போதும், சாப்பிடாதே" என்று அது சொல்வதுதான் மூளையில் ஏறுவதில்லை. அழற்சியின்போது கூடுகிற சாக்ஸ்-3 என்ற புரதம் லெப்டின், இன்சுலின் இரண்டின் சிக்னலையும் தடுக்கிறது. சிஆர்பியே லெப்டினோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது என்றுகூட 2006இல் ஓர் ஆய்வு வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சிஆர்பியைக் குறைக்கிற மஞ்சள்தூள் கேப்சூலுக்குப் பணம் கட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2017இல் வந்த கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்குக் கேனகினுமாப் என்ற, அழற்சியை அடக்கும் ஊசியை வைத்துப் பார்த்தார்கள். சிஆர்பி நன்றாக இறங்கியது, இதய நோயும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது மட்டும் குறையவே இல்லை. அவ்வளவு பெரிய மருந்தாலேயே முடியாததை உன் கேப்சூல் செய்யுமா?

அப்புறம் அந்த "எடை நார்மல்தானே" பேச்சு. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, ஒரே 22.3. உடம்புக் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. நம் ஆட்களுக்கு எடை மெஷினைவிட இஞ்ச் டேப்தான் உண்மையைச் சொல்லும். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டினால் ஆபத்து. உன் இடுப்பு அளவை நீ எழுதவே இல்லை, போன தீபாவளிக்கு எடுத்த போட்டோவைப் பார்த்தால் காரணம் தெரிகிறது.

நடக்கச் சொன்னால் "நடந்தாலும் எடை குறையவில்லை" என்பாய். குறையாவிட்டாலும் நட. சென்னையில் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், சாப்பாடும் நடையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

இன்னொன்று, ஈறு வீங்கியிருந்தாலும் சிஆர்பி ஏறும். உன் கடைவாய்ப் பல்லை முதலில் காட்டு, அது ஆறிய பிறகு இரண்டு வாரம் விட்டு மறுபடி ரத்தம் கொடு, சர்க்கரைக்கு டாக்டரைப் போய்ப் பார். அத்தையைக் கேட்டதாகச் சொல். இடுப்பு அளவை மறைக்காமல் எழுது.