பதில் இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதிகளிலும் பயனர் குழுக்களிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. 'தேடிப் பார்க்காமல் கேட்கிறார்கள்' என்று கேட்பவரைக் கடிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அவர் தேடித்தான் இருப்பார். பதிலும் பழைய கேள்வி-பதில்களின் தொகுப்பில் எங்கோ கிடக்கும். அவர் தட்டிய சொல்லுக்கு அது அகப்பட்டிருக்காது. புதிய பதில்களை எழுதிக் குவிப்பதைக் குறைத்துக்கொண்டு, இருக்கும் பதில்களைத் தேடலுக்கு ஏற்பச் செப்பனிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதல் கோளாறு தலைப்பில் இருக்கிறது. பதில் எழுதுபவருக்குக் காரணம் தெரியும். அதனால், தாளை இழுக்கும் உருளை தேய்ந்திருந்தால், 'உருளைத் தேய்மானம்' என்று தலைப்பிடுவார். கேட்பவருக்குத் தெரிந்தது அறிகுறி மட்டும்: 'பிரிண்டர் பேப்பரை இழுக்க மாட்டேங்குது'. தலைப்பு இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு பதிவுக்கு ஓர் அறிகுறி போதும். காரணங்கள் பலவானால், செலவில்லாமல் சோதிக்கக்கூடியது முதலில் வரட்டும்: தட்டில் தாள் அளவுக்கு மீறி இருக்கிறதா, தாளில் ஈரம் ஏறியிருக்கிறதா, உருளையில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உருளையை மாற்றும் பேச்சு.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'தேடுசொற்கள்' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பிரிண்டர், பிரின்டர், அச்சுப்பொறி; பாஸ்வேர்ட், பாஸ்வேர்டு, கடவுச்சொல், கடவுச் சொல்; வைஃபை, வைபை என்று மக்கள் எழுதும் வடிவங்களை ஐந்து முதல் எட்டு வரை அதில் சேர்க்கலாம். கலைச்சொல் தூய்மை பார்ப்பவர்கள் இந்த ஒரு வரியில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பதிலில் அவர்கள் விரும்பும் சொல்லே இருக்கலாம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத கோளாறு. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடும் நிரலுக்கு வேறு வேறு. இப்படி இரு விதமாக எழுதியதை ஒரே வடிவுக்குக் கொண்டுவர என்.எஃப்.சி. எனும் இயல்பாக்கம் உண்டு. தொகுப்பில் ஏற்றும் உரை, பயனர் தட்டும் தேடுசொல் இரண்டையுமே அதன் வழியே அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும். அந்த இயல்பாக்கமும் சிலவற்றைத் திருத்தாது. 'மௌஸ்' என்பதை ள எழுத்தைக் கொண்டு 'மெளஸ்' என்று தட்டியிருப்பார்கள். 'ரி' என்பதில் ர இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்திருக்கும்; பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் இதை நிறையவே பார்க்கலாம். இவற்றுக்குத் தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் எழுதித்தான் ஆக வேண்டும். டிஸ்கி, டாம், டாப் போன்ற பழைய குறியீட்டு முறைகளில் உள்ள உரைகளை யூனிகோடுக்கு மாற்றாமல் தொகுப்பில் சேர்ப்பது வீண் வேலை. படமாக வருடப்பட்ட பிடிஎஃப் கோப்புகளும் அப்படியே.

மூன்றாவது, விகுதிகள். 'கோப்பு' என்று தேடினால் 'கோப்பை நீக்க முடியவில்லை' என்ற பதிவு வராது. 'படம்' என்றால் 'படத்தை', 'படங்கள்' வராது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பில், 2019 முதல், விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைத் தரும் வசதி, அதாவது தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பு, இருக்கிறது. அதைக் கண்மூடி நம்ப வேண்டாம்; தங்கள் துறையின் ஐம்பது சொற்களையாவது வேற்றுமை உருபுகளோடு கொடுத்துச் சோதித்த பிறகு பயன்படுத்தலாம். சிறு தொகுப்புகளுக்குப் பலரும் எடுக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதன் எஃப்.டி.எஸ்.5 முழு உரைத் தேடலில் இயல்பாக உள்ள சொல்பிரிப்பி, அதாவது உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி, எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எண்ணும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதற்கு இடைவெளி மாதிரி. ஆகவே 'கோப்பு' என்பது க, ப, ப என்று உடையும். கோப்பு தேடியவருக்குக் காப்பியும் கோப்பையும் வந்து நிற்கும்! தேடல் அட்டவணையை உருவாக்கும்போதே, எழுத்து வகைகளில் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கும் எம்.என்., எம்.சி. இரண்டையும் சேர்த்துக் குறிப்பிட்டால் இது தீரும். பிறகு நினைவு வந்தால் அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டியதுதான்.

பதிவுகளைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துநர், தன் வேலையை ஒழுங்கு பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. கேள்வி வரும்போதே நான்கு விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: கருவி அல்லது மென்பொருளின் பதிப்பு எண், எழுத்து மாறாத பிழைச்செய்தி, கோளாறுக்கு முன் கடைசியாகச் செய்த மாற்றம், இதுவரை முயன்றவை. பிழைச்செய்தி படமாக வந்தால் அதைத் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்தவர் தேடும்போது அகப்படாது. வரிசை எண், ஐ.பி. முகவரி, கடவுச்சொல் போன்றவை மென்பொருள் தானாக எழுதும் பதிவேட்டு வரிகளில் ஒளிந்திருக்கும், வெளியிடுமுன் அழித்துவிட வேண்டும். கேள்வியைத் திருப்பி அனுப்பினால் காரணத்தையும், ஏற்கெனவே பதில் இருந்தால் அதன் எண்ணையும் குறிப்பிடுவது முறை. பதில் எழுதியவரே அதற்கு ஒப்புதல் தரக் கூடாது. குறைந்தது இரண்டு மட்டுறுத்துநர்கள் வேண்டும் என்பது இதனால்தான். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்ததும் அதைத் தொகுப்பில் ஏற்றலாம். பதில்களைத் திருத்தவும் சேர்க்கவும் தேவையான அனுமதியை உறுப்பினர்களிடம் சேரும்போதே வாங்கிவிடுவது நல்லது. பிறகு ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம்.

பதிவுகளின் எண்ணை ஒருபோதும் மாற்றவோ, நீக்கியதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவோ கூடாது. பழைய பதில்களை அழிக்கவும் வேண்டாம், பழைய கருவி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பதிப்பில், எந்த மாதம் சரிபார்த்தது என்று எழுதி, புதிய பதிலின் எண்ணைக் காட்டினால் போதும்.

எந்தத் தேடலுக்கு ஒரு முடிவுகூட வரவில்லை என்ற பட்டியலை வாரம் ஒரு முறை பார்ப்பவர்களுக்கு அடுத்து என்ன எழுதுவது என்ற குழப்பமே வராது. அந்தத் தேடல்களில் பல புதுப் பதிவு கேட்காது. தேடுசொல் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் முடிந்துவிடும்.

தங்கள் நாளிதழில் வரும் தொழில்நுட்பக் கேள்வி-பதில்களுக்கும் தொடர் எண் இட்டு, பதிப்பு எண்ணையும் சரிபார்த்த மாதத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இடம் போதாதென்றால் தொடர் எண்ணாவது வேண்டும்.

இப்படிக்கு,
தொழில்நுட்பக் கேள்வி-பதில் தொகுப்பாளர்கள் சிலர்