கோமதிக்கு: பொம்மைக் கடைக்குப் போகும் முன்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முட்டிவலி குறைந்ததும் நல்லது, பேரப்பிள்ளைகள் இரண்டும் ஜூன் வரை உன்னோடு இருக்கப்போவதும் நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் சிக்கல் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. இங்கே புதிதாக ஒன்றுமில்லை. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூன்று வாரமாக வாசலில் அப்படியே கிடக்கிறது, தாண்டித்தான் பால் வாங்கப் போகவேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு வாங்கலாம் என்று பொம்மைக் கடையில் விளையாட்டுப் பெட்டிகளின் விலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாயே அந்தப் பட்டியல், அதைக் கிழித்துப் போடு. கிழிக்கிற வேலையைப் பேரனிடமே கொடு, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மணி கோப்பது, ஊற்றுவது, பிரிப்பது என்று அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் வேலையெல்லாம் உன் அடுக்களையில் நாள்தோறும் நடக்கிறது. பிள்ளைக்கும் பொம்மை டம்ளரைவிட நீ காபி ஆற்றுகிற டம்ளர்தான் வேண்டும்.

முதலில் பேரன். இரண்டரை வயதுக்கு ஊற்றுவதைப்போல ஒரு வேலை கிடையாது. ஒரே அளவில் இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர், விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளம், அரை டம்ளர் புழுங்கலரிசி, அவ்வளவுதான். டம்ளர் 100 மில்லிக்கு மேல் போகவேண்டாம், பெரிதானால் பிடி வழுக்கும். அரிசி அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். நிறைய இருந்தால் லேசாகச் சாய்க்கும்போதே கொட்டும், எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. அரிசி உள்ள டம்ளரை அவனுக்கு இடப்பக்கம் வை. இடமிருந்து வலம் போகிற பழக்கம் பின்னால் படிக்கும்போது உதவும். நீ ஒருமுறை, பேசாமல், மெதுவாக ஊற்றிக் காட்டு. வாயும் கையும் சேர்ந்து வேலை செய்தால் அவன் உன் வாயைத்தான் பார்ப்பான்.

ஒரு டம்ளரின் வாய் இன்னொன்றின் விளிம்பைத் தொடுகிறதா என்று மட்டும் கவனி. முதல் வாரம் தொடாது, நாலு விரல் உயரத்திலிருந்து கொட்டுவான், பாதி தாம்பாளத்தில் விழும். கையைப் பிடித்துத் திருத்தாதே. சிந்திய அரிசியை விரலால் கூட்டித் திரும்பப் போடுவதும் அதே பாடம்தான், சொல்லப்போனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் அதில்தான் வேலை அதிகம். ஒரு மணி அரிசியைப் பொறுக்கும் விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும்.

தாம்பாளத்தையே கவிழ்த்துவிடுகிறான் என்றால் குறும்பு என்று எடுத்துக்கொள்ளாதே. கொட்டினால் எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கிற வயசு அது. அந்த ஆசைக்குத் தனி இடம் கொடு, கொல்லையில் ஒரு சின்ன பக்கெட் மணல் போதும். அது தீர்ந்தபிறகு தாம்பாளம் தப்பிக்கும்.

அரிசி கைக்குப் பழகியதும் ரவை. ரவை வழுக்கிக்கொண்டு ஒரேயடியாக வரும், அதனால் கை இன்னும் நிதானமாகச் சாயவேண்டும். அதற்கப்புறம் தண்ணீர். தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் கரைத்து, கண்ணாடி டம்ளருக்குப் பதில் தெளிவான பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றச் சொல். நிறம் இருந்தால்தான் மட்டம் கண்ணுக்குத் தெரியும். டம்ளரைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போட்டு, "இதுவரைக்கும்" என்று காட்டு. அவன் நிறுத்தினது சரியா இல்லையா என்பதை ரப்பர் பேண்டே சொல்லிவிடும், நீ சொல்லவேண்டாம். பக்கத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வை, துடைப்பதும் விளையாட்டின் பாதி. வேலை முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடு. குளியலறை பக்கெட்டில் இரண்டு அங்குலத் தண்ணீர் இருந்தாலும் இந்த வயதுக்கு ஆபத்து, ஒரு நிமிஷம் போன் எடுக்கப் போவதற்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போ.

இதையெல்லாம் வெளிநாட்டு முறை என்று உன் மருமகள் சொன்னாளாமே. சொல்லட்டும். இந்த முறையை வகுத்த மரியா மாண்டிசோரியே 1939-ல் இங்கே அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர் காரணமாகத் திரும்பமுடியாமல் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே இருந்தார். ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது எல்லாம் அவர் முறையில் முதல் பாடங்கள். நம் பாட்டிமார் அதற்குப் பாடம் என்று பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மூன்று வயதுக்குக் கீழே வேர்க்கடலை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, கோலிகுண்டு எதுவும் கையில் வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்கிற உருளையின் அகலம் 3.17 சென்டிமீட்டர், அதற்குள் முழுதாகப் போகிற பொருள் தொண்டைக்கும் போகும். உருண்டையான பொருளாக இருந்தால் நாலரை சென்டிமீட்டர் வரைக்கும் சந்தேகப்படு. பருப்போ பயறோ மூக்குக்குள் போய்விட்டால் தண்ணீர் விட்டுக் கழுவப் பார்க்காதே, ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும். நேராக டாக்டரிடம் போ. ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கிற பொத்தான் பேட்டரிதான் எல்லாவற்றையும்விட மோசம், விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். வீட்டில் எங்கெங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்.

இனி கிழிக்கிற வேலை. பழைய நாளிதழை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பார், நூல் பிடித்த மாதிரி வரும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். காகிதத்தில் நார் ஓடுகிற திசைதான் காரணம். பேரனுக்கு முதலில் நேராக வருகிற பக்கம் கொடு. மேலே அரை அங்குலம் நீயே கிழித்துத் தொடக்கிவிடு, தொடக்கம்தான் கஷ்டம். ஒரு கை முன்னே வர, ஒரு கை பின்னே போகவேண்டும். இரண்டு கையையும் பக்கவாட்டில் இழுத்தால் காகிதம் கிழியாது, குழந்தைக்குக் கோபம்தான் வரும். கிழித்த பட்டைகளைப் பேத்திக்குக் கொடு, ஒட்டட்டும்.

பேத்திக்குக் கத்தரி கொடுக்கலாம். அதில் எல்லோரும் செய்கிற தப்பு, மெல்லிய தாளையும் வளைந்த கோட்டையும் முதலிலேயே கொடுப்பது. மெல்லிய தாள் அலகுகளுக்கு நடுவில் மடங்கிக்கொள்ளும். கனமான அட்டைதான் சுலபம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை விரல் அகலத்துக்குப் பட்டையாக நறுக்கிக் கொடு. ஒரு வெட்டில் ஒரு துண்டு விழவேண்டும், அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் உட்கார்ந்து வெட்டும். முனை மழுங்கிய கத்தரி, கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும். முழங்கை உடம்பைவிட்டு விலகி இறக்கை மாதிரி தூக்கினால் கை திரும்பிவிட்டது என்று அர்த்தம், அக்குளில் ஒரு தாளை இடுக்கிக்கொள்ளச் சொல், சரியாகிவிடும்.

பிசைகிற மாவு கேட்டிருந்தாய். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறத் தெரிந்தவளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஒரு டம்ளர் மைதா, கால் டம்ளர் பொடி உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு. உப்பை முதலில் தண்ணீரில் முழுக்கக் கரை, கல் தங்கினால் கையில் அறுக்கும். மைதாவைப் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, எண்ணெயும் சாறும் விட்டு, சின்னத் தீயில் கிளறு. முதலில் கூழாக இருக்கும், திடீரென்று இறுகி வாணலியைவிட்டு உருண்டுகொண்டு வரும். பளபளப்புப் போய் மங்கியதும் இறக்கு. அவசரப்பட்டு இறக்கினால் கையில் ஒட்டும், மறுபடி அடுப்பில் வைத்தால் போதும், மாவு சேர்க்காதே. ஆறவைத்துப் பிசைந்து, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வை. இரண்டு வாரம் வரும், புள்ளி விழுந்தாலோ வாடை மாறினாலோ தூக்கிப் போடு. மழை நாளில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு வியர்க்கும், அப்போது மட்டும் ஒரு கரண்டி மைதா சேர்க்கலாம். பேரன் இன்னும் எல்லாவற்றையும் வாயில் வைக்கிறவன் என்றால் இந்த உப்பு மாவு அவனுக்கு வேண்டாம், உப்பில்லாத சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கிள்ளிக் கொடு. அதை அன்றைக்கே எறிந்துவிடு.

பேத்தி 'அ' எழுதச் சொன்னால் அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். அழத்தான் செய்வாள். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுங்கோடு எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கிறது. அகர வரிசை இலக்கணத்துக்காக வந்தது, நாலு வயதுக் கைக்காக வந்ததில்லை. 'ட'வில் தொடங்கு. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அதன் முனையை மேலே தூக்கினால் 'ப'. 'ப'வின் வாலை உள்ளே வளைத்தால் 'ம'. மூன்று எழுத்து தெரிந்தாலே 'படம்', 'மடம்' என்று புள்ளி வைத்து வாசித்துவிடலாம். பென்சிலுக்கு முன்னால் விரல். ஒரு தட்டின் அடியில் கறுப்புத் தாள் போட்டு அதன்மேல் ரவையை அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகப் பரப்பு. கனமாகப் பரப்பினால் கோடு விழுந்த இடத்திலேயே ரவை சரிந்து மூடிவிடும். கோலமாவு வேண்டாம், கல்மாவாக இருந்தால் தூசி நெஞ்சுக்குள் போகும்.

அதைவிட முக்கியம் காது. சாயங்காலம் காய் நறுக்கும்போது கூடையை நடுவில் வைத்துக்கொண்டு பேரைக் கைதட்டிச் சொல்லுங்கள். பூண்டு என்றால் பூண்-டு, இரண்டு தட்டு. தக்-கா-ளி மூன்று. கத்-த-ரிக்-காய் நான்கு. சேப்-பங்-கி-ழங்-கு ஐந்து. உருளைக்கிழங்கு வந்தால் ஆறு தட்டு, அதில் பேரனும் சேர்ந்துகொள்வான். தட்டுக்கு ஏற்ற மாதிரி காய்களைத் தனித்தனியாகக் கூறு வைக்கலாம். இது கைவந்ததும், "ம-வில் தொடங்குகிற ஒன்று இந்த அறையில் இருக்கிறது" என்று கேள். 'ம'வை நீட்டமுடியும், ம்ம்ம்மணி என்று சொன்னால் காதில் நிற்கும். 'க'வை நீட்டமுடியாது, அதைப் பின்னால் வைத்துக்கொள். மீன் 'மீ'யில்தான் தொடங்குகிறது, 'ம'வில் இல்லை என்று அவள் சண்டை போட்டால் அவள் சொல்வதுதான் சரி, விட்டுக்கொடு. ண, ள, ழ இந்த ஆட்டத்துக்கு ஆகாது, அவற்றில் எந்தச் சொல்லும் தொடங்குவதில்லை. 'ழ' நாக்கில் வரவில்லை என்று இப்போது பயிற்சி வைக்காதே, அது பலருக்குத் தாமதமாக வருவதுதான்.

எண்ணுவதில் ஒரு சூட்சுமம். அவள் இருபது வரை ஒப்பிக்கிறாள் என்பதால் எண்ணத் தெரியும் என்று ஆகாது. குழிப்பணியாரச் சட்டியை எடுத்து, குழிக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல், பேரன் தூங்குகிற நேரமாகப் பார்த்து. ஒரு குழி, ஒரு கொட்டை, ஒரு சொல். ஐந்து வைத்து எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேள். "ஐந்து" என்றால் புரிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அப்போது பத்துக்குப் போகாதே, மூன்றுக்கு இறங்கு. பல்லாங்குழி ஐந்து வயதுக்கு மேல் எடுத்தால் போதும், பதினாலு குழி இப்போது அவளுக்குக் கடல்.

மழை பெய்து எல்லோரும் அடைந்து கிடக்கிற நாளுக்கு ஒன்று வைத்துக்கொள். வெள்ளைத் தாளை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி உலர்த்து. துணி சோப்பைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் அதில் பேத்தி கோலம் போடட்டும், கோடு சிவப்பாகத் தெரியும். மேலே எலுமிச்சைச் சாறு தடவினால் திரும்ப மஞ்சளாகும். ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற காரணமே இதுதான், மஞ்சளோடு சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பை இங்கே எடுக்காதே, கண்ணில் பட்டால் பொசுக்கும்.

எந்த வேலைக்கும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மிகுதி. எழுந்து போனால் போகட்டும், தாம்பாளத்தை எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டு நீயும் எழுந்துவிடு. இரண்டு தாம்பாளத்துக்கு மேல் வெளியே இருக்கவேண்டாம். பேரனுக்குத் தண்ணீர் டம்ளர் வந்து சேர்ந்ததும் எழுது, அதற்கடுத்த கட்டத்தைச் சொல்கிறேன்.

அன்புடன்,
சரோஜா

பி.கு.: ஒட்டுவதற்குப் பசை நீயே காய்ச்சிக்கொள், ஒரு பங்கு மைதாவுக்கு நாலு பங்கு தண்ணீர், பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் அடுப்பில் ஏற்றவேண்டும். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். நீ போட்டுவிடாதே, அது விஷம். மூன்று நாளுக்கொருமுறை புதிதாகக் காய்ச்சு.