நோடாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே ஜப்பானில் குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆபீஸ் காஷிவாவில் இருந்தாலும், வாடகை குறைவு என்று நோடாவிலேயே வீடு பார்த்துவிட்டேன். இது சோயா சாஸ் ஊர். காற்று திரும்பினால் வேகவைத்த பயறும் புளிப்பும் கலந்த வாடை வரும். அம்மாவிடம் சொல்லுங்கள், ரசத்துக்கு மட்டும் அதை ஊற்றுவதில்லை, மற்ற எல்லாவற்றிலும் ஊற்றுகிறேன்.

கிக்கோமான் கம்பெனி இந்த ஊர்தான். 1661-இல் தகனாஷி குடும்பம் இங்கே சோயா சாஸ் காய்ச்சத் தொடங்கியது. பக்கத்து நிலங்களில் சோயாவும் கோதுமையும் விளைந்தன. உப்பு எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாப் பக்கமிருந்து வந்தது. சரக்கைப் படகில் ஏற்றினால் எடோ ஆறு வழியாக நேரே எடோ நகரம். 1917-இல் மொகி, தகனாஷி, ஹோரிகிரி என்று எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே கம்பெனி ஆனார்கள். சொந்தக்காரர்களுக்குள் போட்டி போட்டு ஓய்ந்து போயிருப்பார்கள் என்பது என் ஊகம்.

தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள், போய் வந்தேன். சோயாவை வேகவைத்து, கோதுமையை வறுத்து உடைத்து, கோஜி பூஞ்சை கலந்து மூன்று நாள் வைக்கிறார்கள். அப்புறம் உப்புத் தண்ணீரில் பல மாத ஊறல். கடைசியில் துணியில் மடித்துப் பிழிகிறார்கள். அங்கே சோயா சாஸ் ஐஸ்கிரீம்கூட விற்கிறார்கள். பரவாயில்லை, சாப்பிடலாம்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தது வேறு. 1927 செப்டம்பரில் இங்கே தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். 218 நாள்! போருக்கு முந்தைய ஜப்பானில் அவ்வளவு நீண்ட ஸ்டிரைக் வேறில்லை என்கிறார்கள். கம்பெனி வேறு ஆட்களை வைத்து உற்பத்தியை நடத்தியது. ஸ்டிரைக் செய்தவர்களை வேலையை விட்டு நீக்கியது. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுத்தார்கள். 1928 மார்ச்சில் யூனியன் துணைத்தலைவர் டோக்கியோவில் பேரரசரிடமே மனுவை நீட்டப் பாய்ந்தார். அப்புறம்தான் சமரசப் பேச்சு நகர்ந்தது. ஏப்ரலில் முடிந்தபோது நீக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் வேலை திரும்பக் கிடைத்தது. தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த வருடம், 1929-இல், ஊர் மக்களுக்கு என்று கோஃபூகான் என்ற பெரிய மண்டபம் எழுந்தது. கம்பெனிக் குடும்பங்களின் பணம். அழகான கட்டடம்தான். ஆனால் அதைக் கடக்கும்போதெல்லாம் நீங்கள் மில் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்த கதைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. மண்டபத்துக்கு முன்னால் கொஞ்சம் கூலியும் கூட்டியிருக்கலாம் என்பீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஸ்டிரைக்கில் அத்தனை நாள் அரிசி, பருப்பு யார் கடனாகக் கொடுத்தது? நம் தெரு மளிகைக்கடையா, யூனியனா? இங்கே 218 நாள் அடுப்பு எப்படி எரிந்தது என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகள்