எடையைவிட வேலைப்பாடு பெரிது

ஞாயிறு இணைப்பில் வந்த எருசலேம் ஆலயப் பொருள்கள் பற்றிய கட்டுரை, ஏழு கிளை விளக்கைப் பற்றிப் பேசும்போது அதற்கான ஒரு தாலந்து (பழங்கால எடை அளவு) தங்கத்துக்கு இன்றைய சந்தை விலை எவ்வளவு என்று கணக்குப் போடுவதிலேயே நின்றுவிட்டது. இந்த விளக்கைச் செய்யும் விதத்தைச் சொல்லும் பைபிளின் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் படித்தால் அக்கறை வேறெங்கோ இருப்பது தெரியும். உடன்படிக்கைப் பெட்டிக்கும் மேசைக்கும் முழக்கணக்கு தரும் அந்த அதிகாரம், விளக்கின் உயரத்தைச் சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கிளையிலும் வாதுமைப் பூவின் வடிவில் மூன்று கிண்ணம், தண்டில் நான்கு, கூடவே குமிழும் பூவும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிறது. இவையெல்லாம் ஒரே பொன்னில், அடிப்பு வேலையாகச் செய்யப்பட வேண்டும் என்கிறது.

நகைப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிளைகளைத் தனித்தனியாகச் செய்து பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது எளிது, ஒரே கட்டியிலிருந்து தட்டி எடுப்பதில் ஒரு கிளை கீறினால் மொத்த வேலையும் போச்சு. அப்படிப்பட்ட கையைத்தான் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கைவினைஞன் பெசலெயேலுக்கு தேவ ஆவி தந்தது என்று 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. பூசை செய்யும் ஆசாரியனுக்கு அல்ல, கைவேலை செய்யும் ஆசாரிக்கு! சரி, விலைக் கணக்கும் இருக்கட்டும். அடுத்த இணைப்பில் எருசலேம் ஆலயத்து விளக்கை ரோமர்கள் கொண்டுபோவதைக் காட்டும், ரோமில் உள்ள டைட்டஸ் வளைவின் சிற்பத்தைப் பெரிய படமாகப் போட்டு, உலோக வேலை தெரிந்த ஒருவரிடம் விளக்கம் கேட்டு வெளியிடலாமே.