தையல் வேலைக்குப் போனா பரிதாபமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன வாரம் ஞாயித்துக்கிழமை மலர்ல யூட்டா ஹிப்ங்கிற ஜெர்மன்காரம்மா பத்தி சின்னதா எழுதியிருந்தீங்க, ஜாஸ்ங்கிற அமெரிக்க இசையைப் பியானோவுல வாசிச்ச அம்மா. நம்ம பேப்பர்ல அவங்க பேரைப் பாத்ததே எனக்கு அம்புட்டு சந்தோஷம். ஆனா கடைசியில "தையல் வேலைக்குப் போன பரிதாபம்"னு முடிச்சுட்டீங்க, அது மட்டும் மனசுக்கு ஒப்பல.

எங்கப்பா மதுரை புது மண்டபத்துல தையல் மிஷின் போட்டிருந்தவரு. சித்திரைத் திருவிழா வந்துட்டா அழகர் வேஷம் கட்டுறவங்களுக்கு உடுப்பு தைக்க நேரம் பத்தாது. அதே மனுஷன் ராத்திரியில வள்ளி திருமணம் நாடகத்துக்குப் பெட்டி வாசிக்கப் போவாரு, பத்து மணிக்கு உக்காந்தா விடியிற வரைக்கும், காலால மிதிச்சு வாசிக்கிற ஆர்மோனியம். பகல்ல மிஷினை மிதிச்ச அதே காலுதான். பின்னாடி பெட்டிய விட்டுட்டாரு, தையலை விடல. அவரை யாரும் பரிதாபம்னு சொல்லி நான் கேட்டதில்ல, சொன்னா விட்டிருக்கவும் மாட்டேன்.

அந்தம்மா 1925ல லைப்சிக்ல பொறந்தவங்க, படிச்சது ஓவியம். ஹிட்லர் காலத்துல ஜாஸை ஒளிஞ்சு மறைஞ்சுதான் கேக்கணும், அப்படிக் கேட்டு வளந்தவங்க. 1954ல ஃப்ராங்க்ஃபர்ட்ல தன் குழுவோட வாசிச்சதை அமெரிக்காவோட ப்ளூ நோட் கம்பெனி பத்து இஞ்ச் இசைத்தட்டா போட்டுச்சு. மறுவருஷம் நியூயார்க்குக்கே போயிட்டாங்க. 1956 ஏப்ரல்ல ஹிக்கரி ஹவுஸ்னு ஒரு சாப்பாட்டுக் கடையில வாசிச்சதை ரெண்டு தட்டா போட்டாங்க, பேஸ்ங்கிற பெரிய தந்தி வாத்தியம் பீட்டர் இண்ட், டிரம்ஸ் எட் திக்பென், இவங்களோட சேத்து மூணே பேருதான். மொதல்ல லியோனார்ட் ஃபெதர்ங்கிற விமர்சகர் அறிமுகம் பேசுவாரு, அப்புறம் இந்தம்மா ஆரம்பிப்பாங்க. கொட்டி முழக்குற வேலையே கிடையாது, ஒரு சொரத்தை வச்சா அது எங்க போய் உக்காரணும்னு தெரிஞ்சு வைப்பாங்க. நான் ராத்திரி பட்டன் ஓட்டை தைக்கிறப்போ போனுல போட்டு கேப்பேன், கை தானா அந்த தாளத்துக்கு வந்துரும்.

அந்த வருஷமே ஜூட் சிம்ஸ் சாக்ஸபோன் வாசிக்க இன்னொரு தட்டும் வந்துச்சு. அதோட சரி. மேடைன்னாலே பயம் அவங்களுக்கு, விமர்சகர்கள் வேற ஹொரேஸ் சில்வர்ங்கிற இன்னொரு பியானோக்காரர் மாதிரி வாசிக்கிறாங்கன்னு குறை சொன்னாங்க. துணி கம்பெனிக்குப் போனாங்க, 35 வருஷம் அங்கதான், கூடவே படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க, 2003ல காலமாயிட்டாங்க.

பரிதாபம்னு எழுதியே ஆகணும்னா அவங்க தட்டு வித்த பணம் எங்க போச்சுன்னு எழுதுங்க. ராயல்டி வருஷக்கணக்கா சேந்து கிடந்து, வயசான காலத்துல ஆளைத் தேடிப்பிடிச்சுக் குடுத்திருக்காங்க. தன் கையால தைச்சு வாடகை கட்டினதுல என்னங்க பரிதாபம் இருக்கு?

அந்த வார்த்தைக்கு ஒரு திருத்தம் போடுங்க ஐயா. கூடவே தட்டு பேரையும் போடுங்க, 'யூட்டா ஹிப் அட் த ஹிக்கரி ஹவுஸ்'. கேக்குறவங்க தேடி கேட்டுக்குவாங்க.

இப்படிக்கு,
தையல் கடை வச்சிருக்கும் ஒரு வாசகி,
செல்லூர், மதுரை